பேர் சொல்லும் இலை

ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகத் தொடங்கினால் குற்றாலத்தில் சாரல் ஆரம்பம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நின்றுவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிற கூட்டம் கடைத் தெருவில் சற்று நிற்கும். நேந்திரங்காய் வறுவல், மங்குஸ்தான் பழம், தைலப் புட்டிகள், அவற்றின் பக்கத்தில் சிறு சிறு பொட்டலங்களாக மூலிகைப் பொடிகள். கடுக்காய், ஆவாரம்பூ, அதிமதுரம் என்று வரிசையாக அடுக்கியிருக்கும் அந்தப் பொடிகளுக்கு நடுவே, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒன்று இருக்கும். ‘நிலவாகை’ என்றோ ‘நிலாவாரை’ என்றோ அதன் மேல் எழுதியிருப்பார்கள். மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து என்பார்கள். அது உண்மைதான். மலையிலிருந்து பறித்து வந்தது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

குற்றால மலையின் மழைக்காட்டில் நிலவாகையைத் தேடி அலைந்தால் கால் வலிதான் மிஞ்சும். வேரில் தண்ணீர் தேங்கினாலே அழுகிப்போகும் செடி அது. அருவிச் சாரல் எட்டாத கிழக்குச் சமவெளியில், கரிசலும் செம்மண்ணுமாகக் கிடக்கும் மானாவாரி நிலங்களில்தான் அது செழிக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட பகுதிகள் அதன் இடம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பார்கள். இரண்டு மூன்று மாதங்களில் முதல் பறிப்பு. பறித்த இலையை நிழலில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் உலர்த்துவார்கள். வெயிலில் போட்டு வெளுக்கவிட்டால் விலை போகாது.

இந்த இலையைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. உலகத்தின் மருந்து நூல்கள் பலவற்றில் நம் ஊர்ப் பெயரோடு இடம்பெற்றிருக்கும் மூலிகை இது. ‘திருநெல்வேலி சென்னா’ என்றால் இலண்டனிலும் பெர்லினிலும் உள்ள மருந்தாளுநருக்குத் தெரியும். மற்றொரு காரணமும் உண்டு. ‘இலைதானே, என்ன செய்துவிடும்?’ என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு, இதைப் போலத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய மூலிகை வேறொன்று கிடைப்பது அரிது.

துறைமுகங்கள் வைத்த பெயர்

நிலவாகையின் பூர்வீகம் அரேபியாவும், அதற்கு எதிர்க்கரையில் உள்ள வடகிழக்கு ஆப்பிரிக்காவும். அரபு மருத்துவர்கள் அதை ‘சனா’ என்று அழைத்தார்கள். அதுதான் ஐரோப்பிய மொழிகளில் ‘சென்னா’ ஆயிற்று. (நம் தலைநகருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!) சூடான் பக்கத்தில் பறித்த இலை நைல் நதி வழியாக அலெக்ஸாண்டிரியா துறைமுகத்துக்கு வந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. ஆகவே அது ‘அலெக்ஸாண்டிரியா சென்னா’. மெக்கா வழியாக வந்தது ‘மக்கா சென்னா’. பழைய தமிழ் மூலிகைப் பட்டியல்களில் ‘சூரத்து நிலாவாரை’ என்றும் ஒரு பெயரைக் காணலாம். விளைந்த நிலத்தின் பெயரை விட, மூட்டை ஏறிய ஊரின் பெயர்தான் சரக்கோடு ஒட்டிக்கொள்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஹ்யூஸ் என்ற ஆங்கிலேய வணிகர் இதைப் பயிரிட்டு இலண்டனுக்கு அனுப்பினார். இலை நீளமாகவும், உடையாமலும், குப்பையின்றியும் இருந்ததால் அங்கே அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. கப்பலேறியது தூத்துக்குடியில், ஆனால் அன்று தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1986இல் தூத்துக்குடியும், 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. உலகச் சந்தையில் மட்டும் இலை இன்னும் திருநெல்வேலியை விடவில்லை.

தாவரவியலார் ஒரு காலத்தில் அலெக்ஸாண்டிரியா செடிக்கு ‘காசியா அக்யூட்டிஃபோலியா’ என்றும், நம்முடையதற்கு ‘காசியா அங்குஸ்டிஃபோலியா’ என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இப்போது இரண்டும் ஒரே இனம் என்று கொண்டு, ‘சென்னா அலெக்ஸாண்ட்ரினா’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள்.

விஞ்ஞானப் பெயர்ச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஊர்ப் பெயர்ச் சிக்கல் தீரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து விவசாயிகளும் வியாபாரிகளும் இந்தப் பயிரை ‘அவுரி’ என்கிறார்கள். சித்த மருத்துவ நூல்களில் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கும் நீலிச் செடி. அது வேறு குடும்பக் கிளை, வேறு குணம். ஒருவர் மருத்துவ நூலைப் படித்துவிட்டு, ‘அவுரி இலை கொடுங்கள்’ என்று கேட்டு, நிலவாகையை வாங்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் அவர் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பூட்டிய பெட்டி

நிலவாகை எப்படி வேலை செய்கிறது? இதற்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1941இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் என்ற ரசாயன விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்த இலையிலிருந்து இரண்டு பொருள்களைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தார்கள். அவற்றுக்கு ‘சென்னோசைடு ஏ’, ‘சென்னோசைடு பி’ என்று பெயர்.

சென்னோசைடு என்பது ஒரு பெரிய மூலக்கூறு. வேலை செய்யும் பகுதி நடுவில் இருக்க, அதன் இரு புறமும் இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வாறு சர்க்கரையோடு பிணைந்த தாவரப் பொருள்களைக் கிளைக்கோசைடுகள் என்பர். சென்னோசைடில் உள்ள சர்க்கரைப் பிணைப்பை அறுக்கும் நொதி நம் வயிற்றிலும் இல்லை, சிறுகுடலிலும் இல்லை. எனவே நாம் விழுங்கிய சென்னோசைடு, பூட்டிய பெட்டியைப் போல, வயிற்றைக் கடந்து, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலையும் கடந்து, பெரும்பாலும் அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேருகிறது.

அங்கேதான் சாவி இருக்கிறது. பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன அல்லவா? அவற்றில் சில, சர்க்கரைக்கு ஆசைப்பட்டு அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. மீதமுள்ளதை ‘ரெயின் ஆந்த்ரோன்’ என்ற பொருளாக மாற்றுகின்றன. உண்மையான மருந்து இதுதான். அதாவது, நாம் விழுங்குவது மருந்தல்ல, மருந்துக்கான மூலப்பொருள். மருந்தைத் தயாரிக்கும் தொழிற்சாலை நம் குடலுக்குள்ளேயே இருக்கிறது! குடலில் பாக்டீரியாவே இல்லாதபடி ஆய்வுக்கூடத்தில் வளர்த்த எலிகளுக்குச் சென்னோசைடைக் கொடுத்துப் பார்த்தபோது அது உரிய மாற்றத்தை அடையவில்லை என்று கண்டார்கள்.

ரெயின் ஆந்த்ரோன் இரண்டு காரியங்களைச் செய்கிறது. பெருங்குடலின் தசைகளைத் தூண்டி, உள்ளே இருப்பதைத் தள்ளிவிடச் செய்கிறது. குடல் சுவர் தண்ணீரை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. நாள்தோறும் சுமார் 1½ லிட்டர் நீர்ம உணவுக் கூழ் பெருங்குடலுக்குள் வருகிறது. அதிலுள்ள தண்ணீரில் மிகப் பெரும்பங்கைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வேலை தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் பயணம் செய்து, பாக்டீரியாக்களின் கையில் சிக்கி, மருந்தாக மாறி வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் படுக்கப் போகும்போது நிலவாகை கொடுப்பது நம் வைத்தியர்களின் வழக்கம். பாக்டீரியாவைப் பற்றிக் கேள்விப்படாத காலத்திலேயே அவர்கள் நேரத்தைக் கணித்து வைத்திருந்தார்கள். இந்தக் கணக்கை அறியாத சிலர், ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து, ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இன்னொரு கரண்டியைச் சாப்பிடுகிறார்கள். மறுநாள் இரண்டு கரண்டியும் சேர்ந்து வேலை செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு

நல்ல நிலவாகை இலையில் 100 கிராமுக்குக் குறைந்தது 2½ கிராம் சென்னோசைடு வகைப் பொருள்கள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. திருநெல்வேலி நெற்றுக்கு, அதாவது அதன் காய்க்கு, இந்த வரம்பு 2.2 சதவீதம். இலையை எடுத்துக்கொள்வோம். 1 கிராம் இலையில் எவ்வளவு? 25 மில்லிகிராம்.

உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் மருந்து மூலிகைகளைப் பற்றிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டது. நிலவாகையின் இலையும் காயும் அதில் இடம்பெற்றுள்ளன. ஒரு நாளைக்குச் சென்னோசைடு 10 முதல் 30 மில்லிகிராம் என்பது அதில் சொல்லப்படும் அளவு. 30 மில்லிகிராமுக்கு எவ்வளவு இலை வேண்டும்? 30ஐ 25ஆல் வகுத்தால் 1.2 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3 கிராமுக்கு மேல். அதில் பாதி எடை கூட இல்லாத இலைத்தூள்தான் ஒரு நாளின் உச்ச அளவு! வீட்டுக் கரண்டியால் குவியலாக அள்ளினால் அதைத் தாண்டிவிடுவது எளிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2½ சதவீதம் என்பது குறைந்தபட்சம். ஓரிடத்தில் விளைந்த இலையில் 3 இருக்கலாம், வேறிடத்தில் அதற்கும் மேல் இருக்கலாம். செடியின் வயது, பறித்த பருவம், உலர்த்திய விதம் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். ஆகவே சென்ற மாதப் பொட்டலமும் இந்த மாதப் பொட்டலமும் ஒரே வேகத்தில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மாத்திரையில் சென்னோசைடை அளந்து போடுவதற்கு இதுவே காரணம். நம் சித்த மருத்துவத்தில் நிலவாகையைத் தனியாகக் கொடுக்காமல், சுக்கு, மிளகு, ஓமம் முதலியவற்றோடு சேர்த்து நிலவாகைச் சூரணமாகக் கொடுப்பார்கள். தனி இலை வயிற்றை முறுக்கி வலிக்கச் செய்யும். சுக்கும் ஓமமும் வாயுவைத் தணித்து அதைக் குறைக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

தோரணமலை வைத்தியரின் நாள்காட்டி

தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் தோரணமலை என்றொரு குன்று உண்டு. உச்சியில் குகைக்குள் முருகன் கோயில். அகத்தியரின் மாணவராகிய தேரையர் இங்கே வாழ்ந்து மருத்துவம் கற்பித்தார் என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. தேரையர் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, நோய் அணுகாமல் வாழ்வதற்கான விதிகளைச் சொல்கிறது. எப்போது எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, தண்ணீரை எப்படிக் குடிப்பது என்றெல்லாம் சொல்லிவரும்போது, பேதி மருந்துக்கும் ஒரு கணக்கு வைக்கிறது. எத்தனை நாளைக்கு ஒரு முறை தெரியுமா? நான்கு மாதத்துக்கு ஒரு முறை!

நான்கு நாள் இல்லை, நான்கு மாதம். ‘எங்கள் பொடியைத் தினமும் இரவில் சாப்பிடுங்கள், சித்தர்கள் சொன்ன முறை’ என்று யாராவது விளம்பரம் செய்தால், தேரையரையே எடுத்துக் காட்டி மறுக்கலாம். நலமாக இருப்பவருக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறைகூடப் பேதி மருந்து கட்டாயம் என்று இன்றைய உடலியல் சொல்வதில்லை. குடல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிற உறுப்பு. ஆனால் அந்தப் பழைய விதியில் ஓர் அறிவு இருக்கிறது: பேதி மருந்து உணவல்ல, அதற்கென்று ஒரு நாள் உண்டு.

உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பேதிக்குக் கொடுக்கும் நாள் அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி. பள்ளிக்கூட விடுமுறையாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். விளக்கெண்ணெயோ நிலவாகைக் கஷாயமோ, ஓடி ஒளியும் பையனைப் பிடித்து இழுத்து வந்து ஊட்டுவார்கள். அன்று வெயிலில் விளையாடக் கூடாது. மோரும் கஞ்சியும் குடிக்கக் கொடுப்பார்கள். உச்சிப் பொழுதுக்கு மேல் ரசம் சோறு. இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்கும் வழி அது. இன்று வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுப்பதன் தத்துவமும் ஏறக்குறைய அதுவே. பொட்டலத்தில் பொடி மட்டும் வருகிறது. பாட்டியின் பத்தியம் கூட வருவதில்லை.

நாள்தோறும் சாப்பிட்டால்?

மலச்சிக்கல் என்று ஒருவர் நிலவாகையைத் தொடங்குகிறார். மறுநாள் காலை குடல் முழுவதும் காலியாகிறது. மீண்டும் நிரம்ப இரண்டொரு நாள் பிடிக்கும் அல்லவா? அந்த இயல்பான இடைவெளியை ‘மறுபடியும் சிக்கல்’ என்று எண்ணிக்கொண்டு அடுத்த கரண்டியை எடுக்கிறார். சில வாரங்களில், பொடியில்லாமல் முடியாது என்ற நிலைக்குத் தம்மைத் தாமே கொண்டுவந்துவிடுகிறார். மலச்சிக்கலுக்கு உண்மையான காரணம் என்ன என்று பார்க்கும் வாய்ப்பும் தள்ளிப்போகிறது. மருத்துவரின் மேற்பார்வையின்றி ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் இதைத் தொடரக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நூல் எச்சரிப்பது இதனால்தான்.

மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களின் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சுவர் பழுப்பாகவும் கருமையாகவும் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த நிறமாற்றம் பொதுவாகத் தீங்கற்றது. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் மறையும். சிறுநீர் செம்பழுப்பாகப் போவதும் இப்படியே. இலையின் நிறப்பொருள்கள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் தன்மை உடையவை. அதற்காக ஓட வேண்டாம்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. தொடர்ந்து பேதியானால் தண்ணீரோடு பொட்டாசியம் என்ற தாது உப்பும் உடலிலிருந்து வெளியேறுகிறது. தசைகள் சுருங்கி விரிவதற்கும் இதயம் தாளம் தவறாமல் துடிப்பதற்கும் பொட்டாசியம் மிகவும் தேவை. அது குறைந்தால் முதலில் சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதய நோய்க்கு டிஜாக்ஸின் சாப்பிடும் பெரியவர்கள், இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். தாத்தாவின் மாத்திரைப் பெட்டியையும் பாட்டியின் பொடி டப்பாவையும் ஒன்றாக எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அந்த வேலையை நீங்களே செய்யலாம். அதே கடையில் அதே வரிசையில் இருக்கும் அதிமதுரமும் அதிகம் சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. ‘இரண்டும் மூலிகைதானே’ என்று இரண்டையும் சேர்த்து வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர், ஒரே திசையில் இரண்டு பேர் தள்ளும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு, அதிலும் மாணவிகளுக்கு, வேறொரு வலை விரிக்கப்படுகிறது. ‘உடல் இளைக்க மூலிகைத் தேநீர்’ என்று விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் நிலவாகை சேர்ந்திருக்கிறது. குடித்த மறுநாள் எடைக் கருவியில் ஏறி நின்றால் ஒன்றிரண்டு கிலோ குறைந்திருப்பதாகக் காட்டும். அது கொழுப்பா? யோசித்துப் பாருங்கள். உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. நிலவாகை வேலை செய்வதோ அதற்கு அப்பால், பெருங்குடலில். திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது போன்ற காரியம்! குறைந்தது தண்ணீர், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். பேதி மருந்தால் உணவின் சக்தி எவ்வளவு வீணாகிறது என்று 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். அவர்கள் கொடுத்தது நிலவாகை அல்ல, பெருங்குடலைத் தூண்டும் வேறு மருந்து. லிட்டர் கணக்கில் பேதியான பிறகும், உட்கொண்ட கலோரியில் சுமார் 12 சதவீதம்தான் உடலில் சேராமல் போயிற்று. அந்த அற்ப இலாபத்துக்காகப் பொட்டாசியத்தைப் பறிகொடுப்பது மோசமான வியாபாரம்.

தொடக் கூடாத நேரம்

வயிற்று வலி வந்தால் ‘மலம் கட்டியிருக்கும், பேதிக்குக் கொடு’ என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது.

ஏன்? பெருங்குடலின் தொடக்கத்தில், வலப்பக்க அடிவயிற்றில், குடல்வால் என்று விரல் போன்ற ஓர் உறுப்பு தொங்குகிறது. அதில் அழற்சி ஏற்பட்டால், பெரும்பாலும் முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். சில மணி நேரத்தில் வலி வலப்பக்கம் கீழே இறங்கும். குமட்டலும் காய்ச்சலும் கூட வரும். பத்து முதல் முப்பது வயதுக்குள் இது அதிகம் காணப்படுகிறது. வீங்கிப் புண்ணாகியிருக்கும் குடல்வாலைச் சுற்றியுள்ள குடலைப் பேதி மருந்தால் முறுக்கிவிட்டால் அது வெடித்துவிடக்கூடும். வெடித்தால் சீழ் வயிறு முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்து. குடல் அடைப்பு உள்ளவருக்கும் அப்படியே. வலியோடு வாந்தியோ காய்ச்சலோ இருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், மருத்துவமனைதான் போக வேண்டிய இடம். நாட்டு மருந்துக் கடை அல்ல. நல்ல சித்த மருத்துவர் எவரும் இதைத்தான் சொல்வார்.

சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் நிலவாகை கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. கர்ப்பிணிகளும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களும், குடலில் நாட்பட்ட அழற்சி நோய் உள்ளவர்களும் தாமாக இதைத் தொட வேண்டாம்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. நிலவாகைச் சூரணம் வேண்டும் என்றால், அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்பதே சரியான வழி. கடையில் வாங்குவதாக இருந்தால் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறையில் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால், அந்தப் பொடி எதுவாகவும் இருக்கலாம்.

அன்றாடம் வயிறு சரியாக இருக்க என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு மூலிகையே வேண்டாம். மலச்சிக்கலுக்குப் பல வேளைகளில் காரணம் சக்கையில்லாத சாப்பாடு, குறைந்த தண்ணீர், ஓடியாடாத உடம்பு. இன்னொரு காரணத்தைப் பெரியவர்கள் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று பிள்ளைகள் மாலை வரை அடக்கிக்கொண்டு, வீடு திரும்பும்போது உணர்வே மறைந்துவிடுகிறது. அதற்கு மருந்து நிலவாகை அல்ல, துடைப்பமும் தண்ணீரும். கீரை, அவரை, கம்பு, கேழ்வரகு, கொய்யா, வாழைப்பழம், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரம் என்று பழகிக்கொண்டால், பலருக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் தேவையே வராது.

நுனியில் இலை உண்டா?

அவுரிக் குழப்பத்துக்கு வழி சொல்வதாக முன்னே வாக்களித்தேன். பொடியாக்கிய பிறகு கண்ணால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, நுண்ணோக்கி வேண்டும். செடியாக இருக்கும்போது மிகவும் சுலபம்.

நீலி அவுரி, நிலவாகை இரண்டுக்கும் வேப்பிலை போல ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும். காம்பின் நுனியைப் பாருங்கள். நுனியில் ஒற்றைச் சிற்றிலை தனியாக நின்றால் அது நீலி. நுனியில் தனி இலை இல்லாமல் ஜோடியோடு முடிந்தால் நிலவாகையாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம், அதன் உறவினர்களாகிய ஆவாரையும் தகரையும் அப்படித்தான் முடியும். தகரைக்குப் பெரும்பாலும் மூன்றே ஜோடி, நுனி அகன்ற சிற்றிலைகள். ஆவாரைக்குக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல இரண்டு அகன்ற இலைச் செதில்கள் இருக்கும். நிலவாகைக்கு இவை இரண்டும் இல்லை. ஐந்து முதல் எட்டு ஜோடி வரை, ஈட்டி முனை போன்ற சிற்றிலைகள். பூ மஞ்சள், காய் தட்டையாக, அகலமாக, காகிதம் போல இருக்கும். நீலியின் பூ சிறியது, இளஞ்சிவப்பு. காய் மெல்லிய குச்சி போல இருக்கும்.

உலர்ந்த இலை கிடைத்தாலும் ஒரு சோதனை செய்யலாம். முழுதாக உள்ள ஒரு நிலவாகைச் சிற்றிலையைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக விரித்து, நடு நரம்பில் இரண்டாக மடியுங்கள். மேலே முனையில் இரு பாதியும் பொருந்தும். கீழே காம்புப் பக்கம் பொருந்தாது. ஒரு பாதி சற்று இறங்கி நிற்கும். இதை வாயில் போட வேண்டியதில்லை. ஒரு தாளில் ஒட்டி, அருகில் ஆவாரை, தகரை, நீலி இலைகளையும் ஒட்டி, உங்கள் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். கிழக்கே கரிசல் காட்டில் உறவினர் இருந்தால், மார்கழி, தை மாதங்களில் எழுதிக் கேட்டால் முழுச் செடியே அனுப்புவார்கள். பெயர் மட்டும் ‘அவுரி’ என்று எழுதியிருக்கும்.